தெரிந்தும் தெரியாத குரல்

சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' நாவலில் வரும் திருநிலம் என்ற கிராமம் பெங்களூரில் பிறந்த ஊர். ஆனந்த விகடனில் அந்த நாவல் தொடராக வந்தபோது சுஜாதா பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) நிறுவனத்தில் பொறியாளர். பாட்டி வீட்டில் வளர்ந்தது சீரங்கம், மின்னணுவியல் படித்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி., முதலில் உத்தியோகம் பார்த்தது விமானப் போக்குவரத்துத் துறையில். பிறகு வந்தது இந்த ஊர். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் சென்னைத் தெருக்களில் ஸ்கூட்டரிலும் காரிலும் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர்களை ஏவிக்கொண்டிருந்தவர் கர்நாடகத்தில் இருந்தார். தொடரைப் படித்துக்கொண்டிருந்த வாசகர்களில் பலருக்கு இது ஞாபகத்தில் இருந்திருக்காது. இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சின்ன ஊர்களைக் கற்பனை செய்து வெளியே அனுப்புவது பெங்களூருக்குப் பழைய தொழில். 1930 செப்டம்பரில், பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், ஆர்.கே. நாராயண் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மால்குடி ரயில் நிலையத்தை எழுதியது பெங்களூரில்தான். அரை நூற்றாண்டு கழித்து ஷங்கர் நாக் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது மால்குடிக்கு ஆகும்பேயைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பெங்களூரில் எழுதப்பட்ட ஊரைப் பெங்களூரில் படம் பிடிக்க முடியவில்லை.

மர்மக் கதைக்கு இந்தத் தூரம் வசதி. சின்ன ஊரில் பிறந்து அங்கேயே இருப்பவனுக்கு அந்த ஊரில் மர்மம் ஏதும் கிடையாது. எந்த வீட்டு நாய் எதற்குக் குரைக்கும், யார் யாருக்கு எத்தனை பாக்கி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கொலை நடந்தாலும் அவன் மனசில் ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கும்; சொல்லமாட்டான், அவ்வளவுதான். மர்மம் உண்டாக வெளியாள் ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். சுஜாதா இறக்கிய வெளியாள் கல்யாணராமன். நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காகத் திருநிலம் வருகிறான். பழைய ஜமீன் மாளிகையில் தங்குகிறான். ராத்திரியில் இன்னதென்று விளங்காத ஓசைகள் கேட்கின்றன. வெள்ளி என்ற கிராமத்துப் பெண், அவளைக் கட்டிக்கொள்ள உரிமை கொண்டாடும் மருதமுத்து, நகரத்திலிருந்து வந்து சேரும் ஜமீன் வாரிசு சினேகலதா. பிறகு ஒரு கொலை.

பக்கத்திலேயே, கன்னடத்தில், இதே கச்சாப் பொருளை வைத்து நேர் எதிரான காரியத்தைச் செய்தவர் பூர்ணசந்திர தேஜஸ்வி. 'சிதம்பர ரகஸ்ய' நாவலின் கெசரூருக்கும் வெளியாள் ஒருவர் வருகிறார்: ஏலக்காய் விளைச்சல் ஏன் சரிகிறது என்று துப்பறிய வரும் அங்காடி. ஆனால் தேஜஸ்வி மலைநாட்டில், மூடிகெரெயில் தோட்டம் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். ஊருக்குள்ளிருந்து எழுதியதால் அவருடைய துப்பறிவாளருக்கு ஊரே பதில் சொல்கிறது, ஆளுக்கொரு பதில். மர்மம் அவிழ்வதற்குப் பதில் பெருகிக்கொண்டே போகிறது. 1987-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தமிழில் மர்ம நாவலுக்கு அப்படி ஒரு கதவு திறந்ததாக நினைவில்லை. நாம் அதை வாரப் பத்திரிகையின் வேலையாகப் பார்த்துவிட்டோம். வாரப் பத்திரிகையும் அதை அப்படித்தான் பார்த்தது.

திருநிலத்துக்கு வருவோம். கல்யாணராமனுடைய தொழில் என்ன என்பதை அந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றத் துப்பறிவாளர்களுக்குக் கண் தொழில்: காலடித் தடம், சிகரெட் சாம்பல், ரத்தக் கறை. இவனுக்குக் காது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் பாடுவதைக் கேட்க வந்தவன். கேட்க வந்தவனுக்கு, கேட்கக் கூடாததும் கேட்டுவிடுகிறது என்பதுதான் கதையின் அச்சு. ஒலிபரப்புக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருக்குத் தோன்றக்கூடிய அச்சு என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகிவிடும். ஆனாலும் ஆகாசவாணிக்கு டிரான்ஸ்மிட்டர்கள் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கிராமத்துக்குக் கொண்டுபோய் நடுவீட்டில் வைப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

நாவலின் அத்தியாயங்களுக்குத் தலைப்பில் நாட்டுப்பாடல் வரிகள் இருக்கும். நாவலின் பெயரே ஒரு நாட்டுப்பாடல் அடி. அந்த வரிகள் அங்கே வந்து சேர்ந்த வழியை நினைத்துப் பார்க்கலாம். நாற்று நடும்போதோ ஏற்றம் இறைக்கும்போதோ யாரோ ஒருத்தி, ஒருவன் பாடியிருக்கிறார்கள். பாடியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அப்படிப்பட்ட பாடல்களைச் சேர்த்து வைத்தார், அவற்றை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் 1958-ல் 'மலையருவி' என்று வெளியிட்டது. நா. வானமாமலை தம் மாணவர்களையும் நண்பர்களையும் ஊர் ஊராக ஈடுபடுத்திச் சேர்த்தது 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' ஆயிற்று. செ. அன்னகாமு 'ஏட்டில் எழுதாக் கவிதைகள்' என்று பெயர் வைத்துவிட்டு அவற்றை ஏட்டில் எழுதினார். இத்தகைய தொகுப்புகள் வந்த பிறகுதான் நாட்டுப்பாடல் ஆய்வாளன் என்று ஒரு மனிதன் தமிழ் வாசகனுக்குப் புரிகிறவன் ஆனான். அவனைத் தொடர்கதையின் நாயகனாக்கவும் முடிந்தது. ஆக தொண்டையிலிருந்து காகிதத்துக்கு, காகிதத்திலிருந்து தொடர்கதையின் தலைப்புக்கு. 1981-ல் ஜி.என். ரங்கராஜன் படமாக்கியபோது இளையராஜாவிடம் போய் மறுபடி பாட்டாக ஆனது. (பிரதாப் போத்தன், ஸ்ரீபிரியா, சுமலதா. இந்த சுமலதா பிறகு மண்டியாவின் எம்.பி. ஆனார் என்பதைக் கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது இந்த நாவலை ஒருவர் ஒலிநூலுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் அத்தியாயம், முதல் வரி: நாட்டுப்பாடல். பாடுவதா, படிப்பதா?

இந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன், அச்சில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம், குரலில் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டும்.

தமிழில் மர்மக்கதை எழுதுகிறவனுக்கு இலக்கணமே முதல் எதிரி. மரியாதை விகுதியை விட்டால், நம் படர்க்கை வினைமுற்று, செய்தவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க விடாது. 'கதவைத் திறந்தான்' என்று எழுதினால் சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதனால்தான் நம் மர்ம நாவல்களில் இத்தனை உருவங்கள் நடமாடுகின்றன. ஓர் உருவம் சுவரேறிக் குதித்தது, அது பூட்டைத் திறந்தது, அது கத்தியை எடுத்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து பாக்கெட் நாவல் காலம் வரை கொலை செய்யப்போகிறவரை அஃறிணைக்கு இறக்கி வைத்திருக்கிறோம். அவர் மனிதத் தன்மையை இழந்துவிட்டார் என்ற அறச் சீற்றம் எல்லாம் அதில் இல்லை. விகுதியை மறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

கண்ணால் படிக்கும்போது இந்த ஏமாற்று செல்லும். உருவம் வாய் திறந்து, 'சத்தம் போடாதே' என்று சொன்னாலும் காகிதத்தில் அது யாருடைய குரலும் இல்லாத குரல். வாசகன் தன் மனத்துக்குள் ஒரு மங்கலான குரலைக் கொடுத்துக்கொண்டு மேலே போவான். ஒலிநூலில் அந்த இரண்டு சொல்லை யாராவது உச்சரித்தாக வேண்டும். ஆண் குரலா, பெண் குரலா, வயதானதா, படித்ததா, தெக்கத்திப் பேச்சா? எதுவுமே இல்லாத உச்சரிப்பு மனிதத் தொண்டையில் கிடையாது. கிசுகிசுப்பு ஒன்றுதான் தப்பிக்கும் வழி. அதனால் ஒலிநூல்களில் கொலைகாரர்கள் எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள்.

சுஜாதாவை ஒலிநூலாக்குவதில் இன்னொரு விசேஷத் தொல்லை உண்டு. அவர் அச்சுக்கோர்ப்பையும் கதை சொல்லப் பயன்படுத்தியவர். ஒருவன் படியிறங்கினால் சொல்லின் எழுத்துகளும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் இறங்கும். பேச்சில் யார் சொன்னது என்ற குறிப்பே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க உரையாடல் ஓடும். கணேஷ் எது, வசந்த் எது என்று வாசகன் தொனியை வைத்துக் கண்டுபிடிப்பான். படித்தவனுக்கு அந்தக் கண்டுபிடிப்பில் ஒரு சின்னச் சந்தோஷம். வாசிப்பவர் இரண்டு குரலில் வாசித்துவிட்டால் அந்தச் சந்தோஷம் போயிற்று. ஒரே குரலில் வாசித்தால் குழப்பம் வந்தது. படியிறங்கும் எழுத்தை என்ன செய்வது? நான் கேட்ட ஒருவர் மூச்சு வாங்க வாங்க, எழுத்துக்கு எழுத்து நிறுத்திச் சொன்னார். மாடி இறங்குகிறவனுக்கு அப்படி மூச்சு வாங்காது. ஆனால் அவருடைய நல்லெண்ணம் புரிந்தது.

பெரிய சிக்கல் இதெல்லாம் இல்லை. வாசிப்பவருக்கு முடிவு தெரியும். அதுதான் சிக்கல்.

ஒரு மர்ம நாவலின் ஒலிவடிவத்தில், இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு பாத்திரத்துக்கு வாசிப்பவர் கொஞ்சம் அதிகமாகப் பணிவு சேர்த்தார். 'வாங்க தம்பி, உக்காருங்க' என்ற சாதாரண வரி. அச்சில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். அவர் வாயில் அதற்கு அரை மாத்திரை நீளம் கூடியிருந்தது. இந்த ஆள்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் இந்த ஆள்தான். வாசித்தவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல நடிகர் பாத்திரத்தின் மனசுக்குள் போவார். உள்ளே போனவர் அங்கே இருக்கும் குற்றத்தைப் பார்த்துவிட்டார். பார்த்தது குரலில் ஏறிவிட்டது. சொல்லாமல் மறைப்பது எழுத்தாளரின் திறமை என்றால், தெரிந்ததைத் தெரியாதவராக வாசிப்பது அதைவிட அரிய திறமை. மேடைப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. மேடையில் எல்லாம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். ஒலிநூலில் கேட்பவர் முதல் வரிசையைவிடக் கிட்டே, காதுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

பல குரல் ஒலிநாடகங்களில் இது இன்னும் மோசம். பம்பாய் கண்ணன் பல கலைஞர்களை வைத்துக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னையும் 'சிவகாமியின் சபத'த்தையும் ஒலிநூலாக்கியபோது அது சரியாகப் பொருந்தியது. சரித்திரக் கதையில் யார் யார் என்று தெரிவதுதான் சுகம். வந்தியத்தேவன் வாய் திறந்ததும் வந்தியத்தேவன் என்று காது கொண்டாட வேண்டும். மர்மக் கதையில் காது கொண்டாடினால் கதை காலி. இருட்டில் பேசியவருடைய குரலை நாலாம் அத்தியாயத்தில் டீக்கடையில் கேட்டதுமே அடையாளம் தெரிந்துவிடும். இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் காது மிக நன்றாகப் பழகியிருக்கிறது. நடிகர் பெயரையே சொல்லிவிடுவார்கள். எனவே மர்ம நாவலுக்கு ஒற்றைக் குரல் போதும், அதுவும் அதிகம் நடிக்காத குரல் என்பது என் கட்சி.

ஒலிநூலின் சரித்திரத்தில் இந்த விசித்திரம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களை மனத்தில் வைத்து பிரிட்டனில் 1935-ல் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டுகளில் வந்தன. முதலில் வந்தவற்றில் ஒன்று ஜோசப் கான்ராட் எழுதியது. இன்னொன்று அகதா கிறிஸ்டி எழுதிய, ஒரு சின்னக் கிராமத்தில் நடக்கும் ரோஜர் ஆக்ராய்ட் கொலைக் கதை. அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், எத்தனையோ நாவல்கள் இருக்க அதைப் போய் ஒரு குரலிடம் ஒப்படைத்ததில் உள்ள விபரீதம். படிக்காதவர்களுக்காக இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் உட்கார்ந்து அந்த இசைத்தட்டைக் கேட்ட ஒரு முன்னாள் சிப்பாய்க்குக் கடைசித் தட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தட்டு முடிந்ததும் எழுந்து திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளி ஆசிரியர் வைத்ததன்று. அரக்கும் ஊசியும் வைத்தது. அவர் எழுந்து தடவிக்கொண்டு போகும் அந்த நேரத்தில்தான் சந்தேகம் வளர்ந்திருக்கும்.

பெங்களூரில் அந்த மரபின் நேர் வாரிசு 1990-ல் தொடங்கிய மித்ர ஜோதி. பார்வையற்றோருக்கான அமைப்பு, பேசும் புத்தக நூலகம் வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் வந்து புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். இப்படிப் பாடப் புத்தகம் வாசித்துப் பழகிய குரல்களிடம் ஒரு குணம் உண்டு: அவை உங்களை எதையும் நம்ப வைக்க முயல்வதில்லை. கமாவை கமாவாகவும் முற்றுப்புள்ளியை முற்றுப்புள்ளியாகவும் வாசிக்கும். தொழில்முறைக் குரல்கலைஞர் இதைச் சப்பென்று இருக்கிறது என்பார். மர்ம நாவலுக்கு இந்தச் சப்பென்ற தன்மைதான் சரியான திரை என்று எனக்குத் தோன்றுகிறது. பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல 'பின்னால் யாரோ நின்றிருந்தார்கள்' என்று சொன்னால் முதுகு சில்லிடும். அதையே நடுங்கிக்கொண்டு சொன்னால், நடுங்கும் வேலையை அவரே செய்து முடித்துவிடுகிறார். நமக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

வணிகப் பக்கமும் இந்த ஊர்தான். 2014-ல் பிரதிலிபி, 2018-ல் பாக்கெட் எஃப்.எம். பல இந்திய மொழிகளில், தமிழிலும், கதைகளை எழுதவைத்தும் சொல்லவைத்தும் வளர்ந்த நிறுவனங்கள் பெங்களூரில் இயங்குகின்றன. இவற்றின் ஒலித்தொடர்களைக் கேட்கிறவர்களுக்கு வாரப் பத்திரிகையின் 'தொடரும்' புது வேஷத்தில் தெரியும். அப்போது அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். இப்போது காத்திருக்க வேண்டாம், காசு கொடுத்தால் போதும்: நாணயம் என்று ஒன்றை வாங்கி அடுத்த அத்தியாயத்தைத் திறக்கலாம். காத்திருப்புக்கு விலை போட்டாகிவிட்டது. எனக்கு இதில் பெரிய புகார் இல்லை. விகடன்காரர்களும் குமுதக்காரர்களும் அதே காத்திருப்பைத்தான் விற்றார்கள், வார வாடகைக்கு. ஆனால் ஒரு வித்தியாசம். வாரக் காத்திருப்பை எல்லாரும் ஒன்றாகக் காத்திருந்தார்கள். ஆபீஸ் கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில், கொலைகாரன் யார் என்று ஆளுக்கு ஒரு கட்சி. பி.இ.எல்., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழர்களுக்கு நடுவே சுஜாதாவின் தொடர் அப்படி அலசப்பட்ட கதையை இங்குள்ள மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். நாணயம் போட்டுக் கேட்கிறவர் தனியாகக் கேட்டுத் தனியாகத் தெரிந்துகொள்கிறார்.

கேட்பதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று பெங்களூர்க்காரரைக் கேட்க வேண்டியதில்லை. 2022-ல் டாம்டாம் நிறுவனம் எடுத்த கணக்கில், நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிஷத்துக்கு மேல். ஒரு நல்ல தொடர்கதை அத்தியாயத்தின் நீளம். சில்க் போர்டு சந்திப்பில் கொலை நடந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் பிணம் கண்டெடுக்கப்பட்டுவிடும். ஆனால் இதே அவசர ஊர்தான் ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடும் பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறது. வாழ்க்கை வரலாற்றை அப்படிக் கேட்கலாம். கட்டுரையை, இந்தக் கட்டுரை உட்பட, அப்படிக் கேட்டால் நஷ்டம் இல்லை. மர்ம நாவலில் மௌனங்களும் பிரதியின் பகுதி. வாசிப்பவர் அளந்து வைத்த இரண்டு விநாடி நிறுத்தம் ஒன்றரை விநாடிக்கும் கீழே போகும்போது பயம் அங்கே தங்க இடமில்லாமல் போகிறது.

தமிழ் நாவலும் குரலும் இப்போதுதான் சந்தித்துக்கொள்கின்றன என்று நினைக்க வேண்டாம். வை.மு. கோதைநாயகி எழுத்துப் பயிற்சி போதாத நிலையில் தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, துப்பறியும் கதை உட்பட நூற்றுக்கும் அதிகமான நாவல்கள் எழுதியவர் அவர். தொடக்கத்தில் எழுதியது கை இல்லை, வாய். பட்டம்மாளை நினைத்துப் பாருங்கள்: அடுத்த வரி என்னவென்று தெரியாமல் பேனாவோடு காத்திருக்கிறார். சொல்கிறவருக்கும் அது முழுக்கத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாரத்தொடர் எழுதியவர்களில் பலரும் அந்த நிலையில்தான் இருந்தார்கள். முடிவு தனக்கே சரியாகத் தெரியாததால் எல்லாப் பாத்திரங்களையும் சமமாகச் சந்தேகித்து எழுதினார்கள். அந்த அறியாமை பிரதிக்குள் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவரிடம் அது இல்லை.

பாடலா, படிப்பா என்ற கேள்வி பாக்கி. இதற்குக் கன்னடத்தில் ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. கமகம் என்பார்கள். குமாரவியாசனின் பாரதத்தை ஒருவர் ராகத்தில் வாசிக்க, இன்னொருவர் பொருள் சொல்வார். வாசிப்பவர் துரியோதனனாக உறுமமாட்டார், திரௌபதியாக அழமாட்டார். கச்சேரியைப் போல ஆலாபனை விரிவும் கிடையாது. சொல் கெடாமல், பாட்டுக்கும் படிப்புக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதையில் போவார். பெங்களூரில் இன்றும் இதற்கு ஆசிரியர்களும் வகுப்புகளும் உண்டு. கதை எல்லாருக்கும் தெரிந்த கதை. அரக்கு மாளிகை எரியும் என்பதும் பாண்டவர் தப்புவார்கள் என்பதும் கேட்பவருக்கு மனப்பாடம். அப்படி இருந்தும் சூதாட்டப் பகுதியில் சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முடிவு தெரிவதால் சஸ்பென்ஸ் போய்விடாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

திருநிலத்துப் பாடல்களுக்கு எனக்கு இந்த முறைதான் பொருத்தமாகப் படுகிறது. முழுக்கப் பாடினால் இளையராஜாவோடு போட்டி. அதில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை. உரைநடையாகப் படித்தால், வயலில் பிறந்த வரி வானிலை அறிக்கை ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, பாட்டின் எலும்பு மட்டும் தெரியும்படி சொல்லலாம். கல்யாணராமனின் டேப்பில் பதிவாகியிருக்கக்கூடியது அதுதானே: வாத்தியம் இல்லாமல், கொஞ்சம் கூச்சத்தோடு, யாரோ ஒரு வெளியூர்க்காரன் கேட்டானே என்பதற்காகப் பாடிக் காட்டியது. வேலைக்கு நடுவே பாடும் பாட்டும், கருவிக்கு முன்னால் பாடும் பாட்டும் ஒன்றில்லை என்பது நாட்டுப்பாடல் சேகரித்த எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூச்சம் குரலில் வந்தால், அத்தியாயத் தலைப்பிலேயே வெளியாளும் டேப் ரெக்கார்டரும் வந்துவிடுவார்கள். வெள்ளியின் பேச்சையும் அப்படியே விட்டுவிடலாம். ஆண் குரலில் வாசிப்பவர் அவளுக்காகக் குரலை மெல்லிசாக்க வேண்டாம். அது மிமிக்ரி மேடைக்குப் போய்விடும். அவளுடைய சொற்களே அவளை வேண்டிய அளவுக்குக் காட்டும்.

இந்த நாவலை இந்த ஊரில் யாராவது முறையாக ஒலிநூலாக்க முன்வந்தால் அவர்களிடம் சொல்ல ஒரு யோசனை வைத்திருக்கிறேன். வாசிப்பவர் அதை முன்பே படிக்காதவராக இருக்க வேண்டும். படமும் பார்த்திருக்கக் கூடாது. நாற்பது வயதுக்குக் கீழே தேடினால் கிடைப்பார்கள். முழுப் புத்தகத்தைக் கொடுக்காமல் அன்றன்றைக்குப் பதிவு செய்யும் அத்தியாயத்தை மட்டும் தாளில் அச்செடுத்துக் கொடுக்கலாம், ஆசிரியர் வாரம் தவறாமல் விகடனுக்கு அனுப்பிய அளவுக்கு. தவறான ஆளைச் சந்தேகித்து, அந்த ஆளின் குரலில் கொஞ்சம் நஞ்சு கலந்து வாசித்துவிட்டால் இன்னும் நல்லது. அந்தத் தப்பை எடிட்டர் திருத்தக் கூடாது. ஒலிப்பதிவுக் கூடக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது தெரியும். முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்தால் உச்சரிப்புப் பிழை வரும், மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும், மணிக்கணக்கில் வாடகை ஏறும் என்பார்கள். அவர்கள் கணக்கு சரிதான்.